1098-டி வந்தா ஆயிரம் டாலர் வருமா?

எம்.எஸ். படிக்க அமெரிக்கா போற நம்ம ஆளுங்க பலருக்கு ஜனவரி கடைசியில் காலேஜ்ல இருந்து ஒரு படிவம் வரும். பேரு 1098-டி. போன வருஷம் நீங்க கட்டின ட்யூஷன் ஃபீஸ் எவ்வளவுன்னு அதில் இருக்கும். உடனே ரூம்மேட் சொல்வான்: "மச்சி, இதைப் போட்டு ஃபைல் பண்ணு, ஆயிரம் டாலர் ரீஃபண்ட்!"

என் சீனியர் ஒருத்தர் அப்படித்தான் போட்டார். காசும் வந்தது. ரெண்டு வருஷம் கழிச்சு வட்டியோட திருப்பிக் கட்டினார். நாளைக்கு நீங்க போனா இதில் மாட்டக்கூடாதுன்னுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல அந்த ஆயிரம் எங்கிருந்து வருது? 'அமெரிக்கன் ஆப்பர்ச்சுனிட்டி' என்ற கல்விச் சலுகை. ஒரு மாணவருக்கு வருஷத்துக்கு அதிகபட்சம் 2,500 டாலர். இது வருமானத்தில் கழிக்கிற கழிவு இல்லை, கட்டவேண்டிய வரியிலேயே குறையும். வரி பூஜ்யம் ஆனாலும் 40 சதவீதம், அதாவது 1,000 டாலர் வரை, கையில் கிடைக்கும். ஆனா கல்லூரிப் படிப்பின் முதல் 4 ஆண்டுக்கு மட்டும்தான். பி.இ. முடிச்சிட்டுப் போற நமக்கு இங்கேயே ஒரு கதவு மூடியாச்சு.

அங்கேயே பிறந்து வளர்ந்த கிளாஸ்மேட்டுக்கும் இது அவ்வளவு நேரா வராது. 24 வயது ஆகாம, முழுநேரம் படிச்சுக்கிட்டு, தன் செலவில் பாதிக்கு மேல் தானே பார்த்துக்காத பிள்ளையை அப்பா அம்மா தங்கள் வரிக்கணக்கில் 'டிபெண்டன்ட்' ஆகக் காட்டலாம். ஹாஸ்டல்ல இருந்தாலும் வீட்டுல இருக்கிற மாதிரிதான் கணக்கு. அப்படிக் காட்டிட்டா சலுகை அவங்களுக்குத்தான், பிள்ளை பார்ட் டைம் வேலை பார்த்து ஃபீஸ் கட்டியிருந்தாலும் சரி. அப்பாவிடம் கேட்காம பையன் தனியா ஃபைல் பண்ணிட்டா ரெண்டு பேர் கணக்கும் முட்டிக்கும்.

நம்ம கதை வேற. நமக்கு ஃபீஸ் கட்டுறது ஊர்ல இருக்கிற அப்பா, இல்லைன்னா பேங்க் லோன். அப்பா அமெரிக்காவில் வரிக்கணக்கே தாக்கல் செய்யறதில்லை. 'உங்களை யாராவது டிபெண்டன்ட்டாகக் காட்ட முடியுமா?'ன்னு சாஃப்ட்வேர் கேட்கும். 'இல்லை'ன்னு உண்மையைத்தான் சொல்வோம். தப்பு அதுக்கு முன்னாடியே நடந்திருக்கும்: சாதாரண சாஃப்ட்வேர் நம்மை அந்நாட்டு ரெசிடென்ட்னு எடுத்துக்கிட்டு 1040 படிவத்தை நிரப்பிடும்.

எஃப்-1 விசாவில் முதல் 5 காலண்டர் ஆண்டு, நீங்க அங்கே இருந்த நாள்களை வரிச் சட்டம் எண்ணாது. நீங்க 'நான்-ரெசிடென்ட்'. படிவம் 1040-என்ஆர். அதில் இந்தக் கல்விச் சலுகைகள் கிடையாது. (அமெரிக்கக் குடிமகளைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க கதை தனி, வாழ்த்துகள்!) ஆகஸ்ட்ல போய் இறங்கினாலும் அந்த வருஷம் முழு ஒண்ணாகக் கணக்கு. 2021 ஆகஸ்ட்ல போன பிஎச்.டி. மாணவருக்கு 2025 வரைக்கும் இப்படி. 2026-ல் பெரும்பாலும் ரெசிடென்ட். அப்புறம் 'லைஃப்டைம் லேர்னிங்' என்ற இன்னொரு சலுகையைப் பார்க்கலாம். அதிகபட்சம் 2,000 டாலர், வரியைக் குறைக்கும், கையில் காசாக வராது.

சலுகை இல்லைன்னு சோர்ந்துடாதீங்க. இந்திய மாணவர்களுக்குன்னே ஒண்ணு இருக்கு. இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவால், மற்ற நாட்டு நான்-ரெசிடென்ட் பலருக்குக் கிடைக்காத 'ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்' நமக்கு உண்டு. 2024-க்கு அது 14,600 டாலர். கேம்பஸ் வேலையில் அந்த வருஷம் 12,000 மட்டும் சம்பாதிச்சிருந்தா ஃபெடரல் வருமான வரி பூஜ்யம். பிடிச்சதை முழுசா திருப்பி வாங்கலாம், அதுவும் நேர்மையாவே. பே-ஸ்லிப்பில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர்னு 7.65 சதவீதம் பிடிச்சிருந்தா பேரோல் ஆபீஸ்ல போய்க் கேளுங்க. நான்-ரெசிடென்ட் எஃப்-1 மாணவரிடம் அதைப் பிடிக்கக்கூடாது. சம்பளமே இல்லைன்னாலும் 8843 படிவம் மட்டும் அனுப்பணும்.

ஏற்கெனவே தப்பா வாங்கிட்ட அண்ணன் அக்கா யாராவது இருந்தா, 1040-எக்ஸ் போட்டுத் திருத்தச் சொல்லுங்க. நோட்டீஸ் வர்ற வரைக்கும் காத்திருந்தா வட்டி ஏறும். விதியைக் கண்டுக்காம வாங்கினதா முடிவானா, முதல்ல சொன்ன சலுகையைப் பின்னாடி தகுதி வந்தாலும் 2 வருஷம் கேட்க முடியாது. மோசடின்னு முடிவானா 10 வருஷம்.