மூணாற்று மலையேறிய பாட்டு

1957இல் கேரளத்தில் அமைந்த கம்யூனிஸ்ட் அமைச்சரவைக்குப் பெரும்பான்மை மிகச் சொற்பம். அந்நிலையில் தேவிகுளம் உறுப்பினர் ரோசம்மா புன்னூசின் தேர்தல் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. 1958 இடைத்தேர்தலில், மூணாற்றுத் தோட்டங்களில் உழைத்த தமிழரிடம் வாக்குக் கேட்கப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் மலையேறிப் பாடினார். ரோசம்மா மீண்டும் வென்றார்.

தம்பியர் பாஸ்கர், ராசையா, அமரன் ஆகியோர் சேரப் 'பாவலர் சகோதரர்கள்' குழு ஊர்தோறும் ஒலித்தது. அந்த ராசையாவே 1976இல் 'அன்னக்கிளி' வாயிலாக அறிமுகமான இளையராஜா. குழு கலைந்தது, பாவலர் பெயரோ தம்பியரின் படநிறுவனத்தில் நிலைத்தது.

ஒலிப்பதிவு பெறாத மேடைப்பாட்டு, கேட்டவர் நினைவில் மட்டுமே வாழும். பிழைப்பு நாடிப் பிறமாநிலம் வந்த நாம், நம் முதியோர் நினைவிலுள்ள பாட்டுக்களைக் கேட்டெழுதி வைப்போமாக.