ஜலகண்டாபுரத்துக்கு ஒரு புகைப்படக் குழு

கேமரா வைத்திருப்பவர்களும் கைபேசியில் படம் எடுப்பவர்களும் மாதம் ஒருமுறை கூடி, எடுத்த படங்களைக் காட்டிப் பேசிக்கொள்வதுதான் புகைப்படக் குழு. இதில் சேரத் தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோக்காரரும், பத்தாவது படிக்கும் பெண்ணும், தறியை நிறுத்திவிட்டு வரும் அண்ணனும் ஒரே ஜமக்காளத்தில் உட்காரலாம். இது பெருநகரத்துப் பொழுதுபோக்கு, சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரம் மாதிரி ஊருக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மாதிரி ஊருக்குத்தான் இது அதிகம் வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. பம்பாயில் 1854-ல் புகைப்படச் சங்கம் தொடங்கியது. ஓரிரு ஆண்டுகளில் கல்கத்தாவிலும் சென்னையிலும் தொடங்கிவிட்டார்கள். சென்னையில் முன்னின்றவர் அலெக்சாண்டர் ஹன்டர். மருத்துவரான அவர்தான் 1850-ல் அங்கே ஓவியப் பள்ளியையும் தொடங்கியவர். அந்தக் காலத்தில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், ராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் எடுத்த படங்கள் 1858-ல் தனித் தொகுப்பாக வந்தன. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். இருபது ஆண்டு ஆவதற்குள் அது நம் மாவட்டத்துக்கு வந்துவிட்டது. ஆனால் ட்ரைப் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். அதில் படம் பதிய நேரம் பிடிக்கும், அசைகிற ஆள் பதியமாட்டார். கோட்டை, கோயில், பாறை என்று நின்ற இடத்தில் நிற்பவைதான் அவருக்குக் கைகொடுத்தன. அசைகிற மனிதர்களை எடுக்கும் வேலை மிச்சம் இருக்கிறது. அதை உள்ளூர்க்காரர்கள் செய்வதுதான் முறை.

குழுவின் உயிர் படம் எடுக்கப் போவதில் இல்லை, எடுத்த படத்தைச் சேர்ந்து பார்ப்பதில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படம் போட்டால் ‘சூப்பர்’ என்று பத்துப் பேர் சொல்வார்கள். அதனால் யாருக்கும் கை தேறாது. கூட்டத்தில் ஆளுக்கு மூன்று படம் போதும். ஒரு டிவியிலோ பிரிண்ட் எடுத்தோ காட்டலாம். எடுத்தவர் முதலில் வாயைத் திறக்கக் கூடாது. கண் முதலில் எங்கே போகிறது, அப்புறம் எங்கே நகர்கிறது, எது இடைஞ்சலாக இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்லட்டும். அதிலும் புதியவர்கள் முதலில் பேச வேண்டும். அனுபவசாலி பேசிவிட்டால் சின்னவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லி யாரும் தப்பிக்கக் கூடாது, ஏன் என்று சொல்ல வேண்டும். திறமையில் ஏற்றத்தாழ்வு உள்ளவர்கள் ஒரு குழுவாக நிலைப்பது இந்த ஒழுங்கினால்தான். போட்டியும் பரிசும் முதல் வருடத்தில் வேண்டாம். பரிசு வந்ததும் தேறியவர்கள் ஒரு பக்கமாகவும் மற்றவர்கள் ஒரு பக்கமாகவும் பிரிந்துவிடுவார்கள்.

எதை எடுப்பது? தறிப்பட்டறையிலிருந்து தொடங்கலாம். டியூப் லைட் வெளிச்சத்தில் தறியை எடுத்தால் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழும். போன் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, அதனால் விளக்கு விநாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கிறது. ஷட்டர் அதைவிட வேகமாக ஓடினால் அந்த ஏற்ற இறக்கமும் படத்தில் பதிகிறது. போனில் ‘ப்ரோ’ என்ற பகுதிக்குப் போய் ஷட்டரை 1/100 அல்லது 1/50 விநாடிக்கு வைத்தால் பட்டைகள் போய்விடும். ஆனால் அந்த ஷட்டர் வேகத்தில், ஓடும் நாடா கலங்கித் தெரியும். கலங்கட்டும், ஓட்டம் தெரிவது நல்லதுதான். தூணில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் தறியும் நெய்பவர் முகமும் தெளிவாக நிற்கும், நாடா மட்டும் ஓடும். நாடாவையே நிறுத்திப் பிடிக்க வேண்டுமென்றால் வாசல் ஓரத் தறிக்குப் போய் வெயில் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும்.

அடுத்தது கூத்து. மேட்டூர், ஜலகண்டாபுரம் வட்டாரத்தில் விடிய விடியக் கூத்து நடப்பது இன்னும் நின்றுபோகவில்லை. இந்த வட்டாரத்து ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் நடத்தும் ‘மணல்வீடு’ இதழும் ‘களரி’ அமைப்பும் கூத்துக் கலைஞர்களுக்காகப் பாடுபட்டு வருகின்றன. கூத்து நடக்கும் இடத்தில் ஃப்ளாஷ் போடவே கூடாது. ஆடுபவர் கண்ணும் கூசும், பார்ப்பவர் லயிப்பும் கெடும். ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றி, ஷட்டரை 1/125-ல் வைத்து, ஆட்டக்காரர் திரும்பி ஒரு கணம் நிற்பதற்குக் காத்திருக்க வேண்டும். அடவு தெரிந்தவர் அந்தக் கணத்தை முன்கூட்டியே அறிவார். அதனால் படக்காரர் கூத்தைப் பலமுறை பார்த்திருக்க வேண்டும். மேடையைவிட வேஷம் கட்டும் இடம்தான் படத்துக்குச் செழிப்பானது. அங்கே அனுமதி கேட்டு உட்காருங்கள்.

எங்கே நின்று எடுப்பது என்பதைக் கற்றுக்கொள்ள தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் போதும். அங்குள்ள சிற்பங்களில் ராமர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவார், வாலி நிற்கும் இடத்திலிருந்து ராமர் தெரியமாட்டார். அந்தச் சிற்பி செய்து காட்டியதை நாம் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். கேமராவைக் கொண்டுபோகுமுன் கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

யாரைப் படம் எடுத்தாலும் சம்மதம் கேட்டாக வேண்டும். பெண்களையும் குழந்தைகளையும் எடுக்கும்போது கட்டாயம். படத்தில் இருப்பவருக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுப்பதை நான் வலியுறுத்துவேன். எடுக்கப்படுபவர்களே கேமரா பிடிப்பது இன்னும் நல்லது. மதுரைப் பக்கத்துப் புகைப்படக்காரர் பழனிகுமார், தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கும் மீனவர் பிள்ளைகளுக்கும் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். வெளியாள் எடுத்தால் பரிதாபம் மட்டும் பதிகிற வீட்டில், அந்த வீட்டுப் பிள்ளை எடுக்கும்போது அம்மாவின் சிரிப்பும் பதியும். நம் தறி வீடுகளுக்கும் இது பொருந்தும்.

தொடங்கச் செலவு அதிகமில்லை. நூலகமோ பள்ளி வகுப்பறையோ கேட்டால் இடம் கிடைக்கும். தறிக்கு எந்தக் கிழமை விடுமுறையோ அந்தக் கிழமையில் கூட்டம் வையுங்கள், இல்லாவிட்டால் நெய்பவர்கள் வரமுடியாது. முதல் மாதம் எல்லோருக்கும் ஒரே தலைப்பு கொடுங்கள், ‘கதவு’ என்று வைத்துக்கொள்ளலாம். விலை உயர்ந்த கேமராவும் பழைய போனும் ஒரே கதவை எடுக்கட்டும். ஒவ்வொரு படத்தோடும் நாள், இடம், பெயர் எழுதச் சம்மதித்திருந்தால் ஆளின் பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவரைப் பொறுப்பாக்கிவிட்டால் குழு தொடங்கிவிட்டது.