உங்களுக்குத் தெரியுமா? கல்லுக்குள் காலியிடம்!

திருவாண்டார்கோயில் பஞ்சநதீஸ்வரர் கோயில் சோழர் காலத்துக் கற்றளி. சம்பந்தர் ‘வடுகூர்’ என்று பாடிய தலம். நூற்றாண்டுகளாக வெயில் மழைக்கு அசையாத அந்தக் கல்லும், அணுக் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் காலியிடம்தான். ஓர் அணுக்கருவைக் கோலிக்குண்டு அளவுக்குப் பெரிதாக்கி நந்தி பக்கத்தில் வைத்தால், எலக்ட்ரான்கள் உலவும் எல்லை நூற்றுக்கணக்கான மீட்டருக்கு அப்பால் போய்விடும். அப்படியானால் சுவரில் வைத்த கை ஏன் உள்ளே போவதில்லை? கையிலுள்ள எலக்ட்ரான்களைக் கல்லிலுள்ள எலக்ட்ரான்கள் நெருங்க விடுவதில்லை.

அணுவின் எடையில் 99.9 சதவீதத்துக்கு மேல் கருவில்தான். இதை ரூதர்ஃபோர்டு சொன்னது 1911-இல். கருவுக்குள் நியூட்ரான் இருப்பதை சாட்விக் கண்டுபிடிக்க 1932 ஆயிற்று.

வாழைப்பழத்திலும் கதிரியக்கம் உண்டு. பயப்படாமல் சாப்பிடுங்கள்! அதிலுள்ள பொட்டாசியத்துக்கு எப்போதும் 19 புரோட்டான். பெரும்பாலும் 20 நியூட்ரான். ஏறக்குறைய 8,500 அணுக்களில் ஒன்றுக்கு மட்டும் 21. அந்த ஒன்றுதான் நிலைகொள்ளாது. பெரும்பாலும் அதன் நியூட்ரான் ஒன்று புரோட்டானாக மாற, பொட்டாசியம் கால்சியமாகிவிடும். இருப்பதில் பாதி இப்படிச் சிதைய சுமார் 125 கோடி ஆண்டுகள் ஆகும். நம் உடம்பிலும் நொடிக்கு ஆயிரக்கணக்கில் இது நடக்கிறது. கூடுதலாக வரும் பொட்டாசியத்தை உடம்பு சிறுநீரில் வெளியேற்றிவிடுவதால், பழத்தால் கணக்கு ஏறாது.

கதிரியக்கமுள்ள இன்னொரு தனிமம் தோரியம். குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் தோரிய மணலைக் காட்டிக்கொடுத்தது கயிறு! ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் கொண்ட மோனசைட் கனிமம் இருப்பதை, 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார்.

தோரியக் கருவில் 90 புரோட்டான், 142 நியூட்ரான். வெளியிலிருந்து ஒரு நியூட்ரானை விழுங்க வைத்தால், படிப்படியாக இரண்டு நியூட்ரான்கள் புரோட்டானாகி, 92 புரோட்டான் கொண்ட யுரேனியம்-233 கிடைக்கும். புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆரில் சென்னைக்குப் போகும் வழியில் உள்ள கல்பாக்கத்தில், 1996-இல் இயங்கத் தொடங்கிய ‘காமினி’ அணு உலைக்கு அதுதான் எரிபொருள். வெறும் 30 கிலோவாட். மின்சாரத்துக்கல்ல, நியூட்ரான்களைக் கொண்டு பொருள்களை ஊடுருவிப் படம் பிடிக்க.

சாமி புறப்பாட்டுக்கு முன்னே போன பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலிலும் தோரியம் இருந்தது. வெள்ளை வெளேரென்ற அந்த ஒளி தோரியம் ஆக்சைடு சூடேறித் தந்தது. பரணில் பழைய மேண்டில் கிடந்தால் ஊதித் தூசி கிளப்பாதீர்கள்; குழந்தைகள் கைக்கும் எட்டவிடாதீர்கள்.