பெர்லினில் கஞ்சா எப்போது பூக்கும்?

2024 ஏப்ரல் 1 முதல் ஜெர்மனியில் வயதுவந்தோர் வீட்டில் மூன்று கஞ்சாச் செடிகள் வளர்க்கலாம். சட்டம் விட்டாலும் வானம் விட வேண்டுமே! கஞ்சா, இரவின் நீளத்தை அளந்து பூக்கும் செடி. வெப்பமண்டல ரகங்கள் கேட்கும் நீண்ட இரவு பெர்லினில் செப்டம்பர் கடைசியில்தான் வரும். பூ முற்றுவதற்குள் குளிர், மழை, சாம்பல் பூஞ்சை; பூங்கொத்து உள்ளிருந்தே அழுகும். அதனால்தான் அந்த ரகங்களை இன்னொரு கஞ்சா வகையோடு கலப்பினம் செய்கிறார்கள். இரவு எவ்வளவு நீண்டாலும் சரி, வயதுக்கு வந்தால் பூத்துவிடும் குணம் ருடராலிஸ் என்ற குட்டைச் செடியிடம் இருக்கிறது.

கஞ்சாப் பூவுக்குப் பழ வாசனை எங்கிருந்து? பூவைச் சுற்றிய சிற்றிலைகளில் குண்டூசித் தலை போன்ற நுண்சுரப்பிகள் உண்டு, தொட்டால் பிசுபிசுக்கும். உள்ளே மிர்சீன், லிமோனீன். முன்னது மாம்பழத்திலும், பின்னது ஆரஞ்சுத் தோலிலும் இருப்பவை. பூச்சிகளை விரட்டவும் செடிக்கு இவை உதவுகின்றன.