அட்டாக் ஏறியும் ஹீல் ஏறலையா? கென்ஷின் ஹீலர் கணக்கு இதுதான்!

"அக்கா, அட்டாக் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. ஆனா பார்பராவோட ஹீல் மட்டும் ஒரு பாயின்ட்கூட நகரலை!" பீர்க்கன்கரணை வீட்டு மொட்டைமாடியில் போனை நீட்டினான் தம்பி. அடுத்து அவன் கேட்டதுதான் டேஞ்சர்: "காசு போட்டு புது வெப்பன் எடுத்துடவா?"

2020 செப்டம்பர் 28-ல் வெளியான 'கென்ஷின் இம்பாக்ட்' ஆடுறவங்களா நீங்க? அப்போ இந்தக் குழப்பம் உங்களுக்கும் வந்திருக்கும். பர்ஸைத் திறக்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க.

ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஊற்று

'பவர் ஏறினா ஹீலும் ஏறும்'னு நினைக்கிறதுதான் முதல் தப்பு. பார்பராவின் ஹீல் அவருடைய மொத்த ஹெச்பியிலிருந்து வருது. சீச்சிக்கு (வீட்ல பெரியவங்க முன்னாடி இந்தப் பேரைச் சொல்லிடாதீங்க!) அட்டாக்கிலிருந்து. நோயெலுக்கு டிஃபென்ஸிலிருந்து. தம்பி பார்பராவுக்கு மாட்டிவிட்டது முழுக்க அட்டாக் ஆர்டிஃபாக்ட். நம்பர் எப்படி நகரும்?

இரட்டிப்பு ஏன் ஆகாது?

பார்பராவின் பர்ஸ்ட் டேலன்ட் லெவல் 1-ல் இருந்தால், ஹெச்பியில் 17.6 சதவிகிதம் + 1,694. ஹெச்பி 5,000 என்றால் 880 + 1,694 = 2,574. அதை 10,000 ஆக்கினால் 3,454. ஹெச்பி இரட்டிப்பானாலும் ஹீல் மூன்றில் ஒரு பங்குதான் ஏறியிருக்கு. காரணம், அந்த 1,694 அசையாத பகுதி. டேலன்ட் லெவலை ஏத்தினால் சதவிகிதம், அசையாத பகுதி ரெண்டுமே ஏறும். அதனால அதையும் கவனிங்க.

எந்த கிரீடம் பெஸ்ட்?

கிரீடம், அதாவது சர்க்லெட் போடுறதுக்கு முன்னாடி உங்க லெவல் 90 பார்பராவுக்கு ஹெச்பி 20,000-னு வெச்சுப்போம். ஹீல்: 5,214.

ஐந்து நட்சத்திர ஹெச்பி சர்க்லெட் 46.6 சதவிகிதம் தரும். ஆனா அது மொத்த 20,000-க்கு இல்லை. அடிப்படை ஹெச்பியான 9,787-க்கு மட்டும்தான். கூடுவது சுமார் 4,561. ஹீல் 6,017 ஆகும்.

'ஹீலிங் போனஸ்' சர்க்லெட் 35.9 சதவிகிதம்தான். பார்க்க சின்ன நம்பர். ஆனா அது அசையாத பகுதியையும் சேர்த்து மொத்த விடையையே பெருக்கும். ஹீல் 7,086! சின்ன நம்பர்தான் ஜெயிக்குது. இன்னொண்ணு, இந்த கேமில் ஹீலுக்கு கிரிட்டிக்கல் கிடையாது. ஹீல் ஏறணும்னு கிரிட் தேடி அலைய வேண்டாம்.

பென்னட் கொஞ்சம் வில்லங்கம்

பென்னட்டின் வட்டத்துக்குள் நிற்பவரின் ஹெச்பி 70 சதவிகிதம் வரைதான் ஏறும். அதைத் தாண்டினால் ஹீல் நின்று, அட்டாக் கூடுதலாகக் கிடைக்கும். ஹீல் அவருடைய ஹெச்பியிலிருந்தும், அந்த அட்டாக் போனஸ் அவருடைய அடிப்படை அட்டாக்கிலிருந்தும் வருது. அதனால வெப்பனில் அடிப்படை அட்டாக், ஆர்டிஃபாக்டில் ஹெச்பி. இதான் ஃபார்முலா.

இது கென்ஷினுக்கு மட்டுமான கணக்கு இல்லை. 2004-ல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கேமின் ஆரம்ப காலத்தில், மந்திரம் போட எடுக்கும் நேரத்தை 3.5 நொடியால் வகுத்துதான் ஹீலிங் போனஸில் எவ்வளவு சேரும்னு கணக்கு போட்டாங்க. மெதுவான மந்திரத்துக்கு அதிக பங்கு!

நீங்களே செக் பண்ணுங்க

கேரக்டரின் டேலன்ட் பக்கத்தில் ஹீல் வரியைப் படிங்க. எந்த ஸ்டாட்டில் சதவிகிதம் போட்டிருக்கோ, அதுதான் ஊற்று. சந்தேகம் இருந்தா ஒரு ஆர்டிஃபாக்டை மட்டும் மாத்தி, ஹீல் பண்ணி, பச்சை நம்பரைக் குறிச்சுக்குங்க. ஒரு நேரத்தில் ஒண்ணுதான் மாத்தணும்.

ஆர்டிஃபாக்ட் டொமைன் பரிசை ஒருமுறை எடுக்க 20 ரெசின். 8 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு அது திரும்ப நிறைய 2 மணி 40 நிமிஷம் ஆகும். தப்பான ஸ்டாட்டைத் துரத்தினால் போறது உங்க நேரம். விஷ்ஷுக்கு காசு போட்டிருந்தா அதுவும்தான்.

தம்பி கடைசியில் என்ன பண்ணான்? பையைத் துழாவினான். 'த்ரில்லிங் டேல்ஸ் ஆஃப் டிராகன் ஸ்லேயர்ஸ்' கிடைச்சது. மூணு நட்சத்திர புத்தகம்தான்; லெவல் 90-ல் 35.2 சதவிகிதம் ஹெச்பி தரும். செலவு? ஒரு ரூபாய்கூட இல்லை.