பென்சிலுக்கு முன்னால் மணல்

தெருமுனைகளில் ‘அட்மிஷன் நடைபெறுகிறது’ பதாகைகள் தொங்க ஆரம்பித்துவிட்டால், இரண்டரை வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெற்றோர் ப்ளே ஸ்கூல்களின் படியேறத் தொடங்குகிறார்கள். அங்கே பலரும் முதலில் கேட்பது, “எப்பலேர்ந்து எழுத வைப்பீங்க?” என்பதுதான். “ப்ரீ-கேஜி முடியறதுக்குள்ள ஏ டூ இசட் எழுதிடுவாங்க” என்று பதில் வந்தால் நிம்மதியாகப் பணம் கட்டிவிடுகிறார்கள். உண்மையில், கவலைப்பட வேண்டிய பதில் அது.

மூன்று வயதில் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதைப் படிப்பு சம்பந்தப்பட்ட முடிவாகவே நாம் பார்க்கிறோம். குழந்தை தினமும் எத்தனை நேரம் உட்கார்ந்தே இருக்கிறது, எவ்வளவு ஓடுகிறது, ஒண்ணுக்கு வந்தால் யாரிடம் சொல்கிறது, அழுகை வந்தால் யார் மடியில் போய் விழுகிறது என்பதெல்லாம் அந்த முடிவில் அடங்கியிருக்கின்றன. அதனால் அது முதலில் உடல்நலம் பற்றிய முடிவு.

மூன்று வயதுக் கை

நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருப்பதால், பச்சிளங்குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அந்த இடம் வெறுமையாகத் தெரியும். மூன்று வயதில் ஏறக்குறைய மூன்று எலும்புகள்தான் உருவாகியிருக்கும். மற்றவை ஒவ்வொன்றாகத் தோன்றி, கடைசி எலும்பு எக்ஸ்ரேயில் தெரிவதற்குள் குழந்தை மூன்றாம் வகுப்பையே தாண்டியிருக்கலாம்.

அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்துப் பாருங்கள். உள்ளங்கை முழுவதும் மூடி, கரண்டி பிடிப்பதுபோலப் பிடிக்கும். விரல் அசையாது, தோள் அசையும். நாக்கு கடைவாயில் துருத்திக்கொண்டிருக்கும். கோடு நோட்டைத் தாண்டி மேஜைக்குப் போகும். இதில் குழந்தையின் தவறு எதுவும் இல்லை. வட்டத்தைப் பார்த்து வரைய ஏறத்தாழ மூன்று வயதாக வேண்டும், கூட்டல் குறிக்கு நான்கு, முக்கோணத்துக்கு ஐந்து. சாய்கோட்டை வளைக்காமல் இழுப்பது அவ்வளவு பெரிய வேலை. ஆங்கில ‘ஏ’வில் இரண்டு சாய்கோடுகள். நம் ‘அ’வின் சுழி அதைவிடச் சிரமம். இதைத்தான் மூன்று வயதில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்கிறோம்.

எழுதுவதற்கான பலம் பென்சிலுக்கு வெளியேதான் வளர்கிறது. களிமண் பிசைவது, பழைய செய்தித்தாளைக் கிழிப்பது, பட்டாணி உரிப்பது, மணி கோப்பது, குவளையிலிருந்து குவளைக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் விரல்களுக்கான பயிற்சி. கம்பியைப் பிடித்துத் தொங்கினால் தோள் உறுதியாகும். தோள் உறுதியானால்தான் பின்னாளில் விரல் தனியாக இயங்கும். மணல்தொட்டியும் மாவு உருண்டையும் உள்ள பள்ளி எழுதச் சொல்லித் தரவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஓட இடம் உண்டா?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிட உடலியக்கம் வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். திரை முன்னால் உட்காருவது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும். ஸ்மார்ட் போர்டில் ரைம்ஸ் ஓட்டிவிட்டு உட்கார வைப்பதும் திரை நேரம்தான். வீட்டில் பார்க்கும் செல்போனோடு அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நகரங்களில் பல ப்ளே ஸ்கூல்கள் வாடகை வீட்டின் தரைத்தளத்தில் நடக்கின்றன. கார் நிறுத்தும் இடமே விளையாட்டுத் திடல். அதுகூடப் பரவாயில்லை, தினமும் அங்கே பிள்ளைகளை விடுகிறார்களா என்பதுதான் கேள்வி. “வாரத்துக்கு ஒரு பீரியட் ப்ளே டைம்” என்று சொல்லும் இடம் உங்கள் குழந்தைக்கு ஆகாது.

வெளி வெளிச்சம் கண்ணுக்கும் வேண்டும். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு வைத்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. அந்தக் கூடுதல் வகுப்பு இல்லாதவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வந்தது. 2015-இல் வெளியான ஆய்வு இது. அந்தப் பிள்ளைகள் நம் ப்ரீ-கேஜி குழந்தைகளைவிட மூத்தவர்கள்தான், ஆனாலும் வெயில் நேரத்தைச் சிறு வயதிலேயே பழக்கமாக்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். நம் ஊர் உச்சிவெயில் வேண்டாம். காலை பத்து மணிக்குள் மரத்தடி போதும்.

‘ப்ளே வே’ என்றால் விளையாட்டா?

‘ப்ளே வே மெத்தட்’, ‘மாண்டிசோரி’ என்று பெயர்ப்பலகையில் யாரும் எழுதிக்கொள்ளலாம். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர். 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து பயிற்சி தந்தவர். குழந்தை தனக்கான வேலையைத் தானே எடுத்து, போதுமென்று தோன்றும்வரை செய்யவிடுவது அவர் முறையின் அடிப்படை. பொருள்கள் கண்ணாடி பீரோவில் பூட்டியிருந்தால் அங்கே அந்தப் பெயருக்கு வேலையில்லை.

பள்ளி முடிந்த பிறகு போகாமல், பிள்ளைகள் இருக்கும்போது போங்கள். சுவரில் இருபது வாத்துப் படங்கள் ஒட்டியிருந்து, இருபதும் கோடு தாண்டாமல் ஒரே மஞ்சளில் இருந்தால், வண்ணம் அடித்தது மிஸ் என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு வாளிக்கு இரண்டு பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாளியைப் பிடுங்கி மேலே வைத்துவிடும் ஆசிரியர் இருக்கிறார். குனிந்து உட்கார்ந்து, “அவன் மண்ணு போட்டு முடிச்சதும் உனக்கு. அதுவரைக்கும் நீ என்ன பண்ணப் போற?” என்று கேட்கும் ஆசிரியரும் இருக்கிறார். இரண்டாமவர் கையில் பிள்ளையைத் தைரியமாக விடலாம். காத்திருக்கவும், கோபத்தை அடக்கவும், வேறு வழி யோசிக்கவும் அந்தக் குழந்தை கற்றுக்கொள்வது அந்த அரை நிமிடத்தில்தான்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1967-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 68 குழந்தைகளை மூன்று வகை வகுப்புகளில் சேர்த்து, 23 வயதுவரை பின்தொடர்ந்தது. நேரடியாகப் பாடம் நடத்திய வகுப்பில் இருந்தவர்களில் 47 சதவீதம் பேருக்குப் பள்ளிக்காலத்தில் மனரீதியான சிக்கல்களுக்காகச் சிகிச்சை தேவைப்பட்டது. விளையாட்டுக்கும் குழந்தையின் விருப்பத்துக்கும் இடம் கொடுத்த மற்ற இரண்டு வகுப்புகளிலும் அது 6 சதவீதம். சிறிய ஆய்வு, வேறு நாடு. இதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்ட முடியாது. ஆனாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பார்த்த பிறகு, மூன்று வயதில் டெஸ்ட் வைக்கும் பள்ளியை என்னால் யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது.

கழிவறையைப் பார்த்துவிட்டு வாருங்கள்

வரவேற்பறை எல்லாப் பள்ளியிலும் அழகாகத்தான் இருக்கும். கழிவறைக்குப் போங்கள். குழந்தைக்கேற்ற சிறிய கோப்பை, எட்டும் உயரத்தில் குழாய், சோப்பு, கூடப்போக ஓர் ஆயா இருக்க வேண்டும். பயந்தோ அருவருத்தோ அடக்கும் குழந்தைக்கு மலச்சிக்கல் வரும்; சிறுநீர்த் தொற்றும் வரலாம். ‘ஆங்கிலத்தில் மட்டும் பேச வேண்டும்’ என்று விதி வைக்கும் இடத்தில், “ஆய் வருது” என்று சொல்லத் தயங்கி உடையிலேயே போய்விடும் பிள்ளைகள் உண்டு. 2022-இல் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் வீட்டு மொழியில்தான் தொடங்கச் சொல்கிறது.

சம்ப் மூடி, கழிவுநீர்த் தொட்டி மூடி, மாடிப்படிக் கதவு ஆகியவற்றை உங்கள் காலாலும் கையாலும் சோதியுங்கள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் எல்.கே.ஜி. சிறுமி ஒருத்தி தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து இறந்துபோனாள். அதற்குப் பிறகும் இதைக் கேட்கக் கூச்சப்படுவது நியாயமில்லை.

கை-கால்-வாய் நோய் போன்றவை இந்த வயதில் வகுப்பு முழுக்கப் பரவும். காய்ச்சலோடு வரும் பிள்ளையை என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். ஸ்நாக்ஸ் டப்பாவில் முழு வேர்க்கடலை, முழு திராட்சை வைக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

பக்கத்துத் தெரு அங்கன்வாடி

ஃபீஸ் கட்ட முடிகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் எடை பார்க்கிறார்கள், முட்டையோடு சூடான சாப்பாடு போடுகிறார்கள். தமிழ்நாட்டில் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று விளையாட்டுவழிப் பாடத்திட்டமே இருக்கிறது. மையத்துக்கு மையம் தரம் மாறும் என்பது உண்மை. போய்ப் பார்த்து முடிவு செய்யலாம்.

சேர்த்த பிறகு

முதல் சில வாரங்கள் அழுகை இருக்கும். பிள்ளை பொம்மையைப் பார்க்கும் நேரத்தில் சொல்லாமல் நழுவிவிடாதீர்கள். “சாப்பிட்டதும் அம்மா வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்கு வாருங்கள். முதல் நாட்களில் ஒரு மணி நேரம் மட்டும் விட்டு, மெல்லக் கூட்டலாம்.

ஒரு மாதம் தாண்டியும் காலையில் வயிற்றுவலி என்று சொன்னால், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பினால், தூக்கத்தில் அலறினால், ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் மட்டும் ஒடுங்கினால், உடனே பள்ளிக்குப் போய் வகுப்பில் சிறிது நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். பெற்றோருக்கு உள்ளே இடமில்லை என்று மறுத்தால், கட்டிய பணத்தைப் பார்க்காமல் வேறு இடம் தேடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, இரண்டு வயது தாண்டியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது போன்றவற்றை ஆசிரியர் கவனித்துச் சொன்னால் கோபப்படாமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதற்கான பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.