வண்டி ஏன் இழுக்கவில்லை?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

'பிக்கப் இல்லை' என்பது பட்டறைகளில் அன்றாடம் கேட்கும் சொல். ஆக்ஸிலேட்டரை அழுத்துகிறோம், சத்தம் வருகிறது, வேகம் வரவில்லை. ஏழு பேர் அமரும் எஸ்.யூ.வி. வகைக் குடும்ப வண்டிகளில் இக்குறை தோன்றினால் செலவும் பெரிது, பழியும் பெரிது. என் தந்தையார் பல ஆண்டுகளாக ஒரு குடும்பத்தாரின் வண்டியை ஓட்டி வருபவர். ஆதலால் அந்தப் பழி முதலில் யார் தலையில் விழும் என்பதை நான் அறிவேன். நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே இக்குறையின் காரணத்தைத் தேட முடியும் என்பதை இங்கு விளக்க முற்படுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. வண்டியும் ஆட்களுமாக 2,000 கிலோகிராம் என்று கொள்வோம். அது நின்ற நிலையிலிருந்து மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தை எட்டும்போது பெற்றிருக்கும் இயக்க ஆற்றல் 4 லட்சம் ஜூல். 10 நொடியில் எட்டினால் சராசரித் திறன் 40 கிலோவாட். 16 நொடி பிடித்தால் 25 கிலோவாட்தான். உராய்வையும் காற்றுத் தடையையும் இதில் சேர்க்கவில்லை. ஆகவே, இழுக்கவில்லை என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும். எஞ்சின் திறனைத் தரவில்லை. அல்லது தந்த திறன் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அல்லது சக்கரத்தை ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. எஞ்சினைத் தொடுமுன் பின்னிரண்டையும் பார்த்துவிட வேண்டும். இதற்குக் காசு செலவில்லை.

சமதளச் சாலையில், மேல் கியரில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கையில் ஆக்ஸிலேட்டரை முழுதும் அழுத்திப் பாருங்கள். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் விர்ரென்று ஏறி, வேகமுள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றால் அது கிளட்ச் ஸ்லிப். இரண்டும் சேர்ந்தே மெல்ல ஏறினால் கிளட்ச் மீது குற்றமில்லை. அடுத்து, அதிகம் பிரேக் பிடிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோக வேண்டும் (தொட வேண்டாம்). ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிரேக் விடாமல் பிடிக்கிறது. டயர்க் காற்றையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

இனி எஞ்சின். டீசல் வண்டியையே எடுத்துக்கொள்கிறேன்; எனக்குப் பழக்கமானது அதுதான். இரண்டு லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை இரண்டு லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் 2,000 லிட்டர்; எடையில் ஏறத்தாழ 2.3 கிலோ. ஒரு கிலோ டீசல் முழுதும் எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று வேண்டும். காற்றுக்கு மிஞ்சி டீசலை ஊற்றிப் பயனில்லை, கரும்புகைதான் மிஞ்சும். இந்தப் பற்றாக்குறையைத் தீர்க்க வந்ததே டர்போ. 1905ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூக்கி இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். வெளியேறும் புகையே ஒரு சக்கரத்தை நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழற்ற, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அந்தக் காற்று ரப்பர் ஓஸ்கள் வழியாக இன்டர்கூலருக்குச் சென்று, குளிர்ந்து, எஞ்சினுக்குள் புகுகிறது. ஓஸில் ஒரு கிழிசல் இருந்தால் டர்போ பட்ட பாடெல்லாம் வீண்.

சேலத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்கு ஏறும்போது காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. டர்போ இதைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். மலைப்பாதையில் வண்டி மூச்சு வாங்கினால் காற்று வழியில் ஐயம் கொள்ள வேண்டும்.

தந்தையார் ஓட்டும் வண்டிக்கு நேர்ந்தது இதுதான். பட்டறையில் கருவியை மாட்டியபோது பி0299 என்ற எண் வந்தது. “டர்போ போய்விட்டது, டிரைவர் கிளட்சையும் தேய்த்துவிட்டார்” என்றார்கள். பல பத்தாயிரம் ரூபாய்ச் செலவு. தந்தையார் உரிமையாளரிடம், “ஐயா, நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் பாருங்க” என்று ஓட்டிக் காட்டினார். இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறின. பிறகு நாங்கள் ஓஸ்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தோம். இன்டர்கூலருக்குப் போகும் ஓஸின் அடிப்பக்கத்தில், கிளிப்பை ஒட்டி, வெளியே எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தது. வளைத்தபோது வெடிப்பு வாய் திறந்தது. எஞ்சின் சும்மா ஓடும்போது அது மூடியே இருந்ததால் எவர் கண்ணிலும் படவில்லை. ஓஸை மாற்றியதும் இழுவை திரும்பியது. பழைய கிளட்சே இன்றும் ஓடுகிறது.

பி0299 என்பதன் பொருள் டர்போ அழுத்தம் குறைவு என்பது மட்டுமே. காய்ச்சல் அளவைக் காட்டும் வெப்பமானி நோயின் பெயரைச் சொல்வதில்லை அல்லவா? அழுத்தம் குறைய ஓஸ் கிழிசல், அடைந்த ஏர் ஃபில்டர், டர்போவைக் கட்டுப்படுத்தும் சிறு வாக்குவம் குழாயின் ஓட்டை என்று மலிவான காரணங்கள் பல உண்டு. டர்போவையே ஐயுற்றால், எஞ்சின் ஆறியபின் குழாயைக் கழற்றி அச்சை ஆட்டிப் பார்க்கலாம். இறக்கைகள் கூட்டில் உரசினால்தான் மாற்றும் பேச்சு.

புகையும் ஒரு சாட்சி. கரும்புகை வந்தால் டீசல் போகிறது, காற்றில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். புகையுமில்லை, இழுவையுமில்லை என்றால் டீசல் ஃபில்டரையும் அதில் தங்கும் நீரையும் பார்க்க வேண்டும். ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருப்பதால் இந்தச் சாட்சி வாய் திறக்காது. வடிகட்டியே அடைத்துக்கொண்டாலும் இழுவை குறையும்.

டீசல் செல்லும் மெல்லிய இரும்புக் குழாய்களை மட்டும் எஞ்சின் ஓடும்போது யாரும் தளர்த்த வேண்டாம். இக்கால எஞ்சின்களில் அவற்றினுள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்த வேலையை அதற்குரிய கருவிகள் உள்ள பம்ப் பட்டறைக்காரர்களிடமே விட வேண்டும்.